விரிசலுக்கு மேல் பூசாதே

சைராகான், கூட்டுப்பண்ணையைக் கலைத்து ஆடுகளைப் பங்குபோட்ட வருஷம் நினைவிருக்கிறதா? நூருஸ் வசந்தப் பண்டிகைக்கென்று நம் மேல்தெருவில் எல்லோரும் சுவர் பூசினோம். மலை நகர்வதைக் காட்டிய விரிசல்கள் மறைந்தன. அடுத்த மழையில் மலைச்சரிவே இறங்கிவிட்டது.

உன் முழங்கால் தேவலையா? ரஷ்யக் குளிரிலும் நான் சுகமே. போனில் உனக்குக் காது கேட்காது என்பதால், என்னோடு அறையில் தங்கியிருப்பவனிடம் சொல்லி எழுதவைக்கிறேன்.

இந்த வருஷமும் பூசிவிட்டாயாம். வீட்டைப் பார்க்க வந்த காப்பீட்டுக்காரர், "விரிசல மறைச்சிட்டீங்களேம்மா, இந்த வீட்டுக்குக் காப்பீடு கிடையாது" என்றாராம். நீ, "பண்டிகைக்கு அழுக்குச் சுவரோட உக்காரச் சொல்றியாடா?" என்றாயாம். உன் மகன் போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

காப்பீடு கிடக்கட்டும். மழைக்கு முன்பே கீழே மகன் வீட்டுக்குப் போய்விடு. இங்கே வருகிறவர்களிடம் கொஞ்சம் காய்ந்த தயிர் உருண்டை கொடுத்தனுப்பு. கிடங்கில் என் காவல் முறை வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

அன்று மண்ணைத் தோண்டி நாங்கள் உயிரோடு எடுத்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான், சைராகான்.