நான் திறக்க மறுத்த கியர் பெட்டி

அந்தக் கறுப்பு ஜீப் திரும்பி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரம், ஒரு லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து என் கராஜ் வாசலில் இறக்கினார்கள். ஏழு வருஷம் ஹோட்டலின் பின்பக்கக் கொட்டகையில் கிடந்ததைப் பண்டாரவளைக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். கதவைத் திறந்தேன். தோல் சீட்டெல்லாம் பூஞ்சணம். அந்த வாசம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அடியில் படுத்து, கியர் பெட்டியின் அடியாணியைத் திருகி எண்ணெயை வடியவிட்டபோதுதான் அது வந்தது. அடிப்பிடித்துத் தீய்ந்த பாகு போன்ற வாசம், அன்று நாம் இருவரும் இதன் அடியில் கிடந்தபோது அடித்த அதே வாசம். நீ டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் படுத்திருப்பாய் என்று கழுத்தைத் திருப்பிவிட்டேன். சிமெந்துத் தரைதான் இருந்தது.

நீ செத்து இரண்டு வருஷமாகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் திருப்பினேன்.

முப்பது வருஷப் பழக்கம் நம்முடையது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்திலிருந்து உன் வண்டிக்கு நான்தான் கை வைத்தேன். எல்ல ஊர்ப் பக்கத்துப் பங்களா ஹோட்டல் முதலாளி அந்தப் பழைய சொகுசு ஜீப்பை வாங்கி, உன்னை டிரைவராக வைத்துக்கொண்ட நாளில் நேராக என்னிடம்தான் ஓட்டிக்கொண்டு வந்தாய். கிளட்ச் இல்லாத வண்டியை நீ அதுவரை தொட்டதில்லை. இறங்கி வந்து இடது காலைத் தூக்கிக் காட்டினாய்.

"அண்ணே, இந்தக் காலுக்குப் பென்சன் குடுத்துட்டாங்க."

நான் சிரித்தேன். நான் லேசில் சிரிக்கிறவன் இல்லை என்று நீயே எல்லோரிடமும் சொல்வாய்.

அந்தப் பெட்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொன்னவன் நான். பதுளையில் இரண்டு பெரிய கராஜ்களில், மாற்றக்கூடாது, வயசான ஓட்டோமெட்டிக் கியர் பெட்டியில் புது எண்ணெய் ஊற்றினால் அதோடு சரி என்றார்கள். படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வாசித்தேன். வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே எண்ணெயை வடிகட்டும் வடியையும் மாற்ற வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த மெக்கானிக் பெரிய வண்டியில் கை வைக்கிறானாம் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. வந்த பிறகு நான் பின்வாங்குவேனா?

அன்று நீயும் அடியில் படுத்து விளக்குப் பிடித்தாய். தட்டைக் கழற்றி, அதன் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தேன். பழைய வடியைப் பிடுங்கிப் போட்டேன். புது வடியின் கழுத்தில் அதற்கான ரப்பர் வளையம் இருந்தது. அழுத்தினேன், கொஞ்சம் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. தட்டை மூடி, எண்ணெய் ஊற்றி, கணக்காக அளவு பார்த்தேன். வண்டி பட்டுப் போல ஓடியது. கடைவீதி வழியாக இரண்டு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன், பெரிய கராஜ்காரர்கள் பார்க்கட்டும் என்று. நீயும் ஓட்டிக் காட்டினாய்.

பத்தாம் நாள் அது நடந்தது. தெமோதரை ஸ்டேசனில் இறங்கிய இரண்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போகிறாய். அந்த ரோடு சரிவாக இறங்கி, சின்னப் பாலத்தைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் உருள ஆரம்பிக்கிறது. நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தும் வழுக்குகிறது. நீ ஸ்டியரிங்கை வெட்டி, பின்பக்கத்தை மண் திட்டில் மோதி நிறுத்தினாய். வெட்டாமல் இருந்திருந்தால் பாலத்துக்குக் கீழே போயிருப்பீர்கள். விருந்தாளி அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவர்மார் கூட்டம் நிறைந்திருந்தது. பெரிய கராஜ் ஆள் ஒருவனும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"லொறிப் பழக்கம் முதலாளி. எறக்கத்துல நியூட்ரல்ல போட்டு உருட்டியிருப்பான். ஓடுற ஓட்டத்துல திரும்ப கியர்ல தள்ளுனா பெட்டி எப்படிப் புடிக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது நம் மலைநாட்டு லொறிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நீயும் அந்தக் காலத்தில் செய்தவன்தான். அதனால்தான் என் பேச்சு எடுபட்டது. முழுப் பொய்யைச் சொல்லியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள்.

நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"இல்லண்ணே. நான் நியூட்ரல்ல போடல. பெட்டியத் தொறந்து பாருங்க."

"நான் பூட்டுனத தொறக்கச் சொல்ல நீ யாரு?"

அவ்வளவுதான். நீ தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாய். முதலாளி வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டு ஒரு வேன் வாங்கினார். உனக்கு வேலை போனது. உருட்டி ஓட்டுகிறவன் என்று பெயர் விழுந்த டிரைவருக்கு ஊவா மாகாணத்தில் யார் சாவியைக் கொடுப்பார்கள்? உன் தோட்டமான ஸ்பிரிங்வெளிக்கே போய், லயத்தில் உட்கார்ந்தாய். பிறகு புல் வெட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு தரம் பதுளை பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்துவிட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் நீ பேசிவிட்டாய்.

"இப்ப வலது காலுக்கும் பென்சன் குடுத்துட்டாங்கண்ணே."

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சிரித்தாயா என்று பார்க்காமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எண்ணெய் வடிந்து முடிந்ததும் தட்டைக் கழற்றினேன். என் கையால் முடுக்கிய ஆணிகள். நடுவில் யாரும் தொட்டிருக்கவில்லை. வடியை உருவினேன், அதன் வளையம் கூடவே வந்தது. மேலே, வடி செருகும் துவாரத்தில் விரலை விட்டுத் தடவினேன். அங்கே இன்னொரு வளையம் இருந்தது. கறுத்து, கல் போல இறுகியிருந்தது. நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பழைய வடியைப் பிடுங்கியபோது அதன் வளையம் கழன்று உள்ளேயே நின்றிருக்கிறது. அதை எடுக்காமல் புதியதைத் திணித்திருக்கிறேன். இரண்டு வளையம் நெருக்கினால் ஒன்றும் ஒழுங்காக உட்காராது. நேர் ரோட்டில் தெரியாது. செங்குத்து ஏற்றத்தில், எண்ணெய் சூடேறி ஒரு பக்கம் ஒதுங்கியதும், பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். எஞ்சின் கத்தும். வண்டி நகராது.

நீ அன்று டோர்ச்சை ஆட்டிக் கேட்டாய், "பழைய ரிங்கு எங்கண்ணே? வடியோட வரலயே." நான் சொன்னேன், "வெளக்க நேராப் புடி. அது எங்கயாவது விழுந்திருக்கும்." இதை நான் மறக்கவே இல்லை. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து உன்னைக் குற்றம் சொன்னபோதும் அந்தக் கேள்வி என் காதுக்குள் இருந்தது. அதனால்தான் பெட்டியைத் திறக்கமாட்டேன் என்றேன். இப்போதாவது இதை உள்ளபடி எழுதுகிறேன்.

வளையத்தைக் கழுவாமல் கடதாசியில் சுற்றிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். சொன்ன இடத்திலேயே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மேசையில் வைத்துச் சொன்னேன். இருந்த டிரைவர்மார் எல்லாம் புதியவர்கள். யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை, மரியாதைக்குக் கேட்டார்கள். நானா மட்டும் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். "அந்த மனுசன் இருக்கக்குள்ள சொல்லியிருக்கணும் பாஸ்," என்றார். திரும்ப ஆற்றத் தொடங்கினார்.

அங்கிருந்து ஸ்பிரிங்வெளி பஸ் பிடித்தேன். உன் சம்சாரம் லய வாசலில் பாய் காயப்போட்டுக்கொண்டிருந்தது. வளையத்தைக் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அது ஆச்சரியப்படவில்லை.

"உள்ளுக்குள்ள ரிங்கு ஒன்னு நின்னுபோச்சுன்னு அன்னைக்கே சொன்னாருங்க அண்ணே."

அப்புறம் ஏன் கடையில் ரிங்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் கோபமாகத்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

"அத்தன பேரு முன்னால அண்ணன் வேலைய எப்படிக் கொற சொல்றது, அவரே தொறந்து பாப்பாருன்னாரு. நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு."

வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தது. "இது எனக்கு எதுக்குங்க. நீங்களே வச்சிக்குங்க."

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மூலையில் இருந்தவன் முன்னால் என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? ரிங்கு எங்கே என்று அங்கேயும் கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், பிறகு திறந்திருப்பேன். திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ ஐந்து வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாயாம்.

ஜீப் வேலை முடிந்தது. புது வடி, ஒரே ஒரு வளையம். நேற்றுக் காலை அந்தப் பாலத்துக்கே ஓட்டிப்போனேன். இறக்கத்தில் கியரிலேயே இறக்கினேன். ஏற்றத்தில் அது மூச்சு வாங்காமல் ஏறியது. பாதியில், நீ உருள ஆரம்பித்த இடத்தில், பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். இடது கால் சும்மா கிடந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்து, "எப்படி?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டி ஹோர்ன் அடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

வளையம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் விரலில் கறை ஒட்டுகிறது, துடைப்பதில்லை. இப்போது எந்த வண்டியை முடித்துக் கொடுத்தாலும், சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நிற்கிறேன். வேண்டாம் பாஸ், உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.