அனிசே வேர் தின்னும் சனிக்கிழமை

ஃபுகாமு,
திங்கட்கிழமை.

அன்புள்ள மூத்த மகன் ஜெர்வேக்கு அம்மா எழுதுவது.

எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய், நானும் நம்புகிற மாதிரி நடிக்க வேண்டும். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தம்பி பேரை எடுத்ததுமே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. போர்ஜாந்தியில் அவ்வளவு பெட்ரோல் எடுக்கிறார்களே, ஒரு டவர் நட முடியவில்லையா என்று மீன்காரி எத்விஜிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் புதன்கிழமை சரக்கு எடுக்கப் புறப்படுகிறாள். லம்பரேனேயில் படகு ஏறி, வியாழன் சாயங்காலம் இதை உன் கையில் தருவாள். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, பார்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை உன் தம்பி அனிசே இபோகா வேர் தின்னப் போகிறான்.

நான் தள்ளிவிடவில்லை, அவனே கேட்டான். உங்கள் தங்கை பெலாஜி ஆற்றோடு போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை வரைக்கும் அவன் ஒரு நாளும் ஆற்றுப் பக்கம் போனதில்லை. தகரக் கூரையில் மழை பலமாக விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். மரம் அறுக்கிற வேலையும் குடியால் போயிற்று. போன மாதம் என் எதிரே வந்து உட்கார்ந்து, "அம்மா, என்னால முடியல. ஒண்ணு அந்த வேர் என்னச் சரி பண்ணட்டும், இல்ல கூட்டிட்டுப் போகட்டும்" என்றான். 

கொடுக்கப் போவது வைத்தியர் முகேத்து. காட்டில் மரம் சாய்ந்து கூட்டாளி கண்ணெதிரே செத்தபோது உன் அப்பாவுக்கு வேர் கொடுத்து, செத்தவனோடு பேசவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாரே, அவரேதான். அதற்குப் பிறகுதான் உன் அப்பா, சாகும்வரை, அலறாமல் தூங்கினார். அதனால் எனக்கு அந்த வேரின் மேல் சந்தேகமில்லை. பலவீனமான நெஞ்சு அதைத் தாங்காது என்பதால், ஆஸ்பத்திரியில் அனிசேயின் நெஞ்சைச் சோதித்துவிட்டு நல்லபடியாக ஓடுகிறது என்றார்கள். முகேத்து அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நெஞ்சு சரிடா. வயித்துக்குள்ள என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

முறை உனக்குத் தெரியும். தின்பதற்கு முன் ஆற்றில் இறங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். போன சனிக்கிழமை காலையிலேயே அதற்காகப் போனோம். அனிசே முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "ஞானஸ்நான விருந்துக்குப் போய்ட்டுத் திரும்பி வரும்போது மோட்டார நான்தான் பிடிச்சிருந்தேன். என்னாலதான் படகு கவுந்துச்சு. என்னாலதான் தங்கச்சி செத்தா."

முகேத்து அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு, "பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறே. இதை வெச்சுக்கிட்டு தின்னா செத்தவங்க பக்கமே தங்கிடுவே, திரும்பி வரமாட்டே. கரையேறு. ஒரு வாரம் தர்றேன்" என்றார். இப்படி மறைத்துவிட்டுத் தின்ற பக்கத்து ஊர்க்காரன் மூன்று நாள் கிடந்தான், எழுந்திருக்கவே இல்லை. அவன் பெண்டாட்டி என்னிடம்தான் மரவள்ளி வாங்குகிறாள். சனிக்கிழமையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

எதை மறைக்கிறாய் என்று வீட்டுக்கு வந்து அனிசேயைக் கேட்டேன். எழுந்து விறகு பிளக்கப் போனான். யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டதும் அழுதுவிட்டான். "சத்தியம்மா, சத்தியம் பண்ணியிருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. படகில் நீங்கள் மூன்று பேர்தான் இருந்தீர்கள். அதில் ஒருத்தி வரவில்லை. எனக்கு இவ்வளவுதான் தெரியும், மேற்கொண்டு தெரியவும் வேண்டாம். சத்தியம் வாங்கியவன் நேரில் வந்து, அது இனி இல்லை என்று அவனிடம் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைப் படகைப் பிடித்தால் சனிக்கிழமை காலை இங்கே இருக்கலாம். உனக்குப் பிடித்த பனங்காய்க் குழம்பில் கோழி போட்டு வைக்கிறேன்.

அம்மா.

புதன்கிழமை காலை.

எத்விஜ் போகவேண்டிய டாக்ஸி பஞ்சராகிக் கிடக்கிறதாம். அதனால் ஒட்டிய கவரைப் பிரித்துவிட்டேன்.

நேற்று அனிசே தன் ரேடியோவை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டான். சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறான். எதற்கடா என்றேன். "சனிக்கிழமை அதையேதாம்மா சொல்லப்போறேன். வேற சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. திரும்பி வந்தா ரேடியோவ வாங்கிக்கறேன்" என்று சிரித்தான். சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டால் சிரிப்பானே, அதே சிரிப்பு.

அதைப் பார்த்த பிறகு, திங்கட்கிழமை எழுதியதை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு பொய் இருக்கிறது. இவ்வளவுதான் தெரியும் என்று எழுதினேன். முழுக்கத் தெரியும், ஜெர்வே.

படகு கவிழ்ந்த அன்றைக்கு உன் வலது உள்ளங்கைக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றியவள் நான்தானே. கொதிக்கிற மோட்டாரைப் பிடித்தவன் கைதான் அப்படி வேகும். படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தவன் கை வேகாது. அனிசேயின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. உன் வாயில் விருந்துக் கள்ளின் வாடை இருந்தது. எப்படிச் சுட்டது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அந்தத் தழும்பு இன்னும் உன் கையில் இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் நீ பெட்ரோல் கம்பெனிப் பயிற்சியில் சேர வேண்டியிருந்தது. உன்னைப் போலீஸ் கொண்டுபோனால் எல்லாம் முடிந்தது. அவனோ பதினைந்து வயதுப் பையன், நாலு நாள் திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உன் மாமா ஊரைக் கூட்டிவைத்து அவனைப் பெல்ட்டால் விளாசியபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "போதும் விடுண்ணே" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. உன்னைக் காப்பாற்ற அவனைக் கொடுத்தேன். நீ அவனிடம் சத்தியம் வாங்கினாய், நான் சத்தியமே இல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். யார் பெரிய பாவி என்று நீயே சொல்.

முகேத்துவிடம் இப்போதுதான் போய்விட்டு வருகிறேன். தாயும் ஆற்றில் இறங்கிச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லணும்னு பதினொரு வருஷம் கழிச்சா தோணுச்சு, க்ளோதில்ட்?" என்றார். எனக்கு அது வேண்டும்தான். சனிக்கிழமை அனிசேக்கு முன்னால் நான் இறங்குகிறேன். என் குற்றத்தைச் சொன்னால் உன் பெயர் அதற்குள் வந்துவிடும். அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். முடியாது. கரையில் மாமாவும் நிற்பார்.

ஆனால் என் வாயால் வருவதைவிட உன் வாயால் வந்தால்தான் அவன் பிழைப்பான். அவன் காத்துக்கொண்டிருப்பது என் சொல்லுக்கு அல்ல.

படகில் ஏற உனக்கும் பயம் என்று தெரியும். இத்தனை வருஷத்தில் நீ ஊருக்கு வந்ததெல்லாம் விமானத்தில் லிப்ரவில் போய், அங்கிருந்து நாள் முழுக்க ரோட்டில் சுற்றிக்கொண்டுதான். என்னடா இது, ஆறு இருக்கும்போது என்று எல்லாரும் கேட்டார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. நீயும் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும், மகனே. இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடு.

டாக்ஸி வந்துவிட்டது, எத்விஜ் வாசலில் நின்று கத்துகிறாள். கடவுளும், உன் அப்பாவும், பெலாஜியும் அந்தப் படகை நேராகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வந்தாலும் வராவிட்டாலும் என் மூத்த பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. வந்தால் அவனிடம் எதையும் விளக்க வேண்டாம். தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் நின்று, உன் வலது கையை விரித்துக் காட்டு.

உன் அம்மா,
க்ளோதில்ட்.