நின்றபடி வரை

வாலு,

காலை ஷிப்ட், பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வை.

மேஜைமேல் நாலு ஊசியோடு கிடப்பதைத் தொடாதே. ஓர் ஊசி உருவிக்கொண்டாலும் ஒரு வார வேலை போச்சு. அது சாக்ஸ். நீ வேலைக்குப் போகிற ஊரில் குளிர் அதிகமாமே. சிரிக்காதே, நான் பின்னுகிற முதல் ஜோடி.

வாசலில் கிடந்த உன் ஷூவை அளந்து ஒன்றை முடித்தேன். லேத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் கடைகிறவன், உன் பழைய பள்ளிக்கூட ஷூவை அளந்திருக்கிறேன். "அவ இன்னும் எட்டாங் கிளாஸ்னே நெனப்பா?" என்றாள் அம்மா. அத்தனையும் பிரித்தேன்.

இப்போது குதிகால் தாண்டியாயிற்று. பாதத்தின் நீளம் தெரியாமல் விரல் பக்கம் முடிக்க முடியாது. நாலு நாளாக நீ என்னோடு பேசுவதில்லை. அம்மாவைக் கேட்கச் சொன்னால், "வாய விட்டது நீங்க, நீங்களே கேளுங்க" என்கிறாள். வியாழக்கிழமை உனக்கு ரயில்.

இந்தத் தாளைத் தரையில் போட்டு, மேலே காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து வை. பேசக்கூட வேண்டாம்.

அப்பா

உட்கார்ந்து வரையாதே. நின்றால்தான் பாதம் முழுசாக விரியும்.

இன்னொன்று. அன்றைக்குக் கோபத்தில் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்: "போனா, திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத."

அதன்மேல் காலை வை. நன்றாக அழுத்தி மிதி.