பரிசுக்குத் தேர்வான ஒலிப்பதிவை நீக்கக் கோரி

அனுப்புநர்
எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை,
நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ‘நாம் இல்லாத வீடு’ இணையவழிச் செயல்பாடு – முதல் பரிசுப் பதிவை நாளைய விழாவில் ஒலிக்கவிடாமல் தளத்திலிருந்து நீக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பாடத்துக்கேற்ற கண்டறியும் செயல்பாடுகளை இணையத்தில் தேடி வகுப்பில் செய்யுமாறு தங்கள் சுற்றறிக்கை வந்தது. ஒலி பாடத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். மாணவர் வீட்டில் கைபேசியைப் பதிவில் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். பிறகு கேட்டு, எந்த ஓசை எதிலிருந்து வருகிறது என்று எழுதித் தளத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். “எங்க தாத்தா குறட்டை மோட்டாரையே தோற்கடிச்சிடுச்சு மிஸ்” என்றான் ஒருவன்.

2. என் மாணவி ஒருத்தியின் பதிவு முதல் பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறது. “இயல்பான ஓசைகள், நல்ல தெளிவு” என்று நடுவர்கள் குறித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் குழாய்த் தண்ணீரும் மின்விசிறியும்தான். நடுவர்கள் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள் போலும். நான் கடைசிவரை கேட்டேன். அடி விழுகிறது. ஒரு பெண் முனகுகிறார். பிறகு ஓர் ஆணின் தணிந்த குரல்: “வெளியில ஒரு வார்த்தை போச்சு, உன்னையும் உன் பொண்ணையும் தொலைச்சிடுவேன்.” அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது.

3. அந்த இடத்துக்கு மாணவி எழுதியிருப்பது: ‘பாத்திரம் விழும் ஓசை. தினமும் கேட்கும்.’ தனியே அழைத்துக் கேட்டேன். “பாத்திரம்தான் மிஸ். அப்பாகிட்ட மட்டும் போட்டுக் காட்டிடாதீங்க” என்றாள்.

4. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் பதிவின் பிரதியை ஒப்படைத்துவிட்டேன். நாளை மதியம் தாயையும் மகளையும் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அதுவரை தகப்பனார் காதுக்கு எதுவும் எட்டக்கூடாது என்றார்கள். ஆனால் விழா நாளைக் காலை. பரிசுப் பதிவுகளைப் பெற்றோர் முன்னிலையில் முழுமையாக ஒலிக்கவிடப் போவதாக அழைப்பிதழ் சொல்கிறது. பதிவை நீக்கும் அதிகாரம் தங்கள் கணக்குக்கு மட்டுமே உண்டு.

5. அந்தத் தகப்பனார் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் பணிபுரிகிறார். நேற்று இம்மனுவோடு வந்தபோது தாங்கள் இல்லை. “கொடுங்க டீச்சர், மேடம் மேசையில நானே வச்சிடறேன்” என்று சிரித்த முகமாகக் கை நீட்டினார். விடுப்பு விண்ணப்பம், நேரில்தான் தர வேண்டும் என்று உளறிவிட்டு வந்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இதையும் சேர்த்து மனுவை மறுபடி எழுதி, இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

ஆகவே, இதைப் படித்தவுடன், யாரையும் உதவிக்கு அழைக்காமல், தாங்களே அப்பதிவை நீக்கிவிட வேண்டுகிறேன். பரிசு ஏன் மாறியது என்று கேட்பவர்களிடம், ஆசிரியை விதிமுறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று சொல்லுங்கள். விளக்கம் கேட்டு எந்தக் கடிதம் வந்தாலும் பிறகு பதில் தருகிறேன். இம்மனுவுக்குப் பதிவு எண் இட வேண்டாம். பதிலும் அனுப்ப வேண்டாம். அதுவும் அவர் கை வழியாகத்தான் வெளியேறும். மாலையில் தளத்தைத் திறந்து பார்ப்பேன். அங்கே அந்தப் பதிவு இல்லையென்றால், தாங்கள் செவிசாய்த்துவிட்டீர்கள் என்று அறிந்துகொள்வேன்.

இடம்: பள்ளி ஆய்வகம்
நாள்: விழாவுக்கு முந்தைய நாள், காலை

பணிவுடன்,
(கையொப்பம்)
அறிவியல் ஆசிரியை