பார்க்காமல் விட்ட பொட்டு

போன வெள்ளிக்கிழமை பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. எரிந்து முடிந்த பிளாஷ் பல்பை நீங்கள் கொண்டுவந்து மேசையில் வைத்தால் ஏறக்குறைய இதே நெடிதான் வரும். கண்ணாடி சிதறாமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். அது கருகின நெடி. "அப்பத்தா, இது ரோஸா, ஊதாவா? சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்று அவள் விரலை நீட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது காகிதத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காரைக்குடியில் நம் ஸ்டுடியோ நடந்த காலத்தில், அங்கே படம் பிடிக்கிறவருக்கு நிறம் சரியாகத் தெரியாது என்பதை அறிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணமான மூன்றாம் மாதம், பழுத்த தக்காளி வாங்கி வரச் சொன்னேன். பச்சைக் காயாகப் பொறுக்கி வந்தீர்கள். நான் கத்தினேன். "ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது புள்ள. யார்ட்டயும் சொல்லிராத" என்று நீங்கள் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் எதற்கு? நிழலையும் வெளிச்சத்தையும் உங்களைப் போலப் பார்க்கத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. படத்துக்குக் கலர் பூசித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் நான் உள்ளே உட்கார்ந்து பூசிக் கொடுப்பேன். அஞ்சாப்பு வரைதான் படித்தேன் என்றாலும் படம் வரைவதில் வகுப்பிலேயே முதல் ஆள் நான். கன்னத்துக்கு எவ்வளவு சிவப்பு, சேலைக்கு எவ்வளவு அரக்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பல்பு வேலையும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. பெரிய வீடுகளின் உள்கூடம் பட்டப்பகலிலும் மங்கலாக இருக்கும். அங்கே கல்யாணம் எடுக்க வேண்டுமானால் பிளாஷ் பல்பு வேண்டும். கோழிமுட்டையைவிடச் சின்னது, உள்ளே வெள்ளி முடி போலக் கம்பியைச் சுருட்டி அடைத்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. மின்னல் போல ஒரு வெளிச்சம், அதோடு அதன் ஆயுள் சரி. "கண்ணாடிக்குள்ள வெடியை அடைச்சு வித்திருக்கான் புள்ள, பூ மாதிரி எடு" என்பீர்கள். ஒவ்வொரு பல்புக்குள்ளும் உச்சியில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். அது நீலமாக இருந்தால் பல்பு நல்லது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் காற்றுப் புகுந்துவிட்டால் பொட்டு ரோஸாகிவிடும். அந்தப் பல்பைப் போட்டால் வெடிக்கும். வெடித்தால் கேமராவில் முகத்தை வைத்திருக்கிறவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான் தூரம். உங்களுக்கோ அந்த நீலமும் வெளிறிய ரோஸும் ஒரே சாம்பல் நிறம். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் பெட்டி என் மடிக்கு வரும். "பொட்டுப் பாத்துட்டியா?" "பாத்தாச்சு." அவ்வளவுதான் பேச்சு.

தேவகோட்டைக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததை நீங்கள் அன்றைக்கே மறந்திருப்பீர்கள். ஓர் ஆச்சி தன் கலர்ப் படத்தை வாங்கிப்போக வந்திருந்தார். நான் மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து பூசிய படம். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"அட, எஞ் சேலையை உரிச்சு ஒட்டுன மாதிரியில்ல இருக்கு! கரையில அந்த மாம்பழக் கலருகூடத் தப்பல. எப்புடித்தான் பூசுனீக?"

"எல்லாம் கைப்பழக்கந்தான் ஆச்சி."

"இந்தக் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்."

"போடுங்க ஆச்சி, வேணாம்னா சொல்லப் போறேன்?"

இருவரும் சிரித்தீர்கள். எனக்கு நகக்கண்ணில் அந்த மாம்பழ மஞ்சள் அப்படியே இருந்தது. 'எம் பொஞ்சாதி பூசுனது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உச்சி குளிர்ந்திருப்பேன். உங்கள் கண்ணின் குறை வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நீங்கள் சொல்லவில்லை. அது அப்போதே எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து அடுப்படித் திட்டில் வைத்தீர்கள். "நேத்து மதுரையிலருந்து வரயில பஸ்ஸுல பெட்டி கீழ விழுந்துருச்சு. நல்லாப் பாத்துரு புள்ள" என்றீர்கள். நான் தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றேன். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து கேட்டீர்கள்.

"பொட்டுப் பாத்துட்டியா?"

"பாத்தாச்சு."

"எல்லாம் நீலந்தானே?"

"எத்தனை தடவ சொல்றது? நீலந்தான். கைப்பழக்கம் உள்ளவுகளுக்கு எதுக்கு இம்புட்டுச் சந்தேகம்?"

என் குத்தல் உங்களுக்கு எட்டவே இல்லை. நான் வாய் திறந்து பேசிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே கிளம்பினீர்கள். பெட்டியின் மூடியை நான் திறக்கவில்லை. கையால் தொடக்கூட இல்லை.

மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. பெண்ணைப் பெற்ற அப்பச்சி முதலில் இறங்கினார். பின்னால் நீங்கள், இடது கண்ணில் துண்டை மடித்து அழுத்திப் பிடித்தபடி. துண்டு சிவந்திருந்தது. சட்டைத் தோளில் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்த ஓட்டை.

"கழுத்துல தாலி திருப்பூட்டுற நேரம் பாத்து வெடிச்சிருச்சும்மா. எம் மகளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு கண்ணாடி. மேல பட்டிருந்தா என்னாகிறது?" என்று என்னிடம் சொன்னவர், உங்கள் பக்கம் திரும்பினார். "ஏய்யா, பாத்துக் கொண்டுவர வேணாமா நீரு?"

"தப்பு என்னுதுதான்யா. நாந்தான் பாக்கல" என்றீர்கள்.

நீங்கள் என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை இல்லை அது. பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பதை மறைக்கச் சொன்னது. ஆனால் அதற்குப் பின்னால் எனக்கும் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, ஒளிந்துகொண்டேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றை அதற்குப் பிறகு செய்தேன். அந்த மனிதர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் காரையே கொடுத்தார். துணி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்திருந்த பெட்டியைத் திறந்தேன். ஒன்பது பல்பு மிச்சம் இருந்தது. அதில் இரண்டு ரோஸ். சந்தேகமே இல்லாத ரோஸ். ஒரு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த இரண்டையும் கந்தைத் துணியில் சுற்றி, பின்கட்டுக் குப்பைக்குழியில் சாம்பலைக் கிளறி அடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு நேரமும் நீங்கள் கண்ணில் ரத்தத்தோடு வண்டியில் காத்திருந்தீர்கள். "மெதுவா வா, தடுக்கிறப் போகுது" என்றீர்கள் என்னைப் பார்த்து.

இடது கண்ணுக்கு இனி வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் கேட்டீர்கள்.

"புள்ள, பொட்டுப் பாத்தேல்ல?"

"பாத்தேனே. எல்லாம் நீலந்தான்."

"அப்பச் சரி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். செஞ்சவன்கிட்டதான் ஏதோ கோளாறு."

சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். எனக்கு ஆறுதல்! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்து, உங்கள் துண்டால் ஜன்னலை மறைத்துப் பிடித்தீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் தேவகோட்டைப் பக்கமிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஒற்றைக் கண்ணால் தூரத்தை மட்டுக்கட்ட நீங்கள் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். தம்ளரை எடுக்கப் போய்க் கை காற்றில் துழாவும். எழுபதுகளில் எலக்ட்ரானிக் பிளாஷ் வந்து பல்பு ஒழிகிற வரைக்கும் பெட்டி என் மடிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே பிடித்து மூன்று தடவை பார்ப்பேன். "முட்டை வாங்குறவகூட இம்புட்டுப் பாக்கமாட்டா" என்று கேலி செய்வீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. "கண்ணு போனதுலருந்து கலரெல்லாம் எங்க வீட்டுக்காரிதான்" என்று வருகிறவர்களிடம் நீங்களே தாராளமாகச் சொல்ல ஆரம்பித்தீர்கள். மறைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது உங்களுக்கு. ஆச்சிமார் திரையை விலக்கி உள்ளே வந்து என்னைப் பாராட்டினார்கள். நான் ஆசைப்பட்டது கிடைத்தது. அதற்கு விலையாகப் போனது என் கண் இல்லை.

கடைசி இரண்டு வருஷம் வலது கண்ணும் மங்கி நீங்கள் கட்டிலோடு ஆனபின் மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. சிவப்பு காலையில், மஞ்சள் சாயங்காலம். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே வாயைத் திறப்பீர்கள். எது, என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்து உட்காருவேன். மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இந்த வீட்டில் இப்போதும் சேலையோ நகையோ எது வாங்கினாலும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "அம்மா பாத்துட்டா மறுபேச்சே கெடையாதும்பாக அப்பா" என்று நம் மகன் சொல்லிச் சொல்லி மருமகளுக்கும் அது பழகிவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 'பார்த்தாச்சு' என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. 'எனக்குச் சரியாத் தெரியல, நீயும் ஒரு தடவ பாத்துக்க' என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். "வயசாக வயசாக அத்தைக்கு எம்புட்டு அடக்கம் பாருங்க" என்று மருமகள் சொந்தக்காரர்கள் முன்னால் பெருமையாகச் சொல்கிறாள். அதையும் நான் திருத்தவில்லை.