செவ்வாய் வெள்ளிக் குளியல்

ஜூலை 8, செவ்வாய்

விடாத தூறல். இவருடைய வேட்டி நான்கும் ஃபேனுக்கு அடியில், இன்னும் ஈரம்.

பதினொன்றுக்கு நர்ஸ் சுவாதி. மராத்திப் பெண், என்னைக் காக்கு, அதாவது சித்தி என்பாள். பக்கவாதம் வந்து படுத்ததில் இவருக்கு இடுப்பில் புண். நாலு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் வந்து கட்டு மாற்றுகிறாள். வந்ததும் என்னைக் குளிக்க அனுப்பிவிடுவாள். அந்த நாற்பது நிமிடம்தான் நான் தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பது. மற்ற நாளெல்லாம் கதவு திறந்தபடி, காது இவர் பக்கம், இரண்டு சொம்பு.

இன்று சொன்னாள்: வீட்டு ஆளே கட்டுப் போடப் பழகிவிட்டால் அவள் வருவது நின்றுவிடுமாம். அவளை அனுப்பும் கம்பெனியின் விதி. 18ஆம் தேதி சூபர்வைசர் வந்து பார்ப்பாராம். உங்களுக்கு இது சுலபம் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, டயபர், கொத்தமல்லி.

சு. கட்டுப் போடப் பாடம் எடுத்தாள். கையுறை போட்ட கையால் வேண்டுமென்றே மெத்தையைத் தொட்டேன். சுத்தம் போச்சு, முதலிலிருந்து, என்றாள். மறுபடி தொட்டேன். இருபத்தெட்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள், மக்கு வேஷம். அவள் கோபிக்கவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

பாடத்திலேயே நேரம் போயிற்று. குளியல் போச்சு.

ஜூலை 13, ஞாயிறு

மகன் வந்தான், ஊரின் மறுகோடி கராடியிலிருந்து. தோசை ஆறு. "இன்னுமாம்மா கத்துக்கலே?" அப்பாவின் புண் என்றால் அவனுக்குக் குமட்டும். அறை வாசலோடு சரி.

அவன் போனபின் பார்த்தால் கட்டு நனைந்திருந்தது. செவ்வாய் வரை விட மனசில்லை. தனியாகவே இவரைப் புரட்டி, தலையணை முட்டுக் கொடுத்து, கழுவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி. முனையைச் சற்று மடித்துவிட்டேன், உரிக்கும்போது இவருக்கு வலிக்காது. இடுப்பில் சுளீர் என்றது. எனக்குத்தான்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டது, இடுப்பு வலி விடவில்லை.

மடித்த முனையைப் பிடித்தபடி சு. கேட்டாள், யார் போட்டது. மகன், என்றேன். நல்ல கை, என்றாள். நான் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்ததைப் பார்த்தாள். குளிக்கப் போங்கள் என்று இன்று சொல்லவில்லை. சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கினேன். பொய் சொன்ன வாய், காப்பி கசந்தது.

ஜூலை 18, வெள்ளி

சூபர்வைசர் அம்மா, சொட்டும் குடையோடு. சு. இவரைப் புரட்டிப் பிடித்துக்கொண்டாள். மெத்தையைத் தொட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. ஒழுங்காகப் போட்டேன், முனையையும் மடித்தேன். இனி செவ்வாய் வெள்ளி கிடையாது.

சூபர்வைசர் பேனாவைத் திறந்தார். சு. இந்தியில்: "கட்டு நல்லாப் போடறாங்க, மேடம். ஆனா இப்ப நான் பிடிச்சேன். நாளைக்கு யாரு பிடிப்பா? தனியாப் புரட்டி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

சு. இன்னும் மூன்று மாதம் வரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

என்னிடம்: "காக்கு, உங்க மகன் வாசலைத் தாண்ட மாட்டார்னு எனக்குத் தெரியாதா? தொடர்ந்து வரச் சொல்லிக் கேட்டிருக்கலாமே. போங்க, குளிங்க."

எண்ணெய் வைத்துத் தலைக்கு. நாற்பத்தைந்து நிமிடம். வெளியே வந்தபோது பையை மாட்டிக்கொண்டும் கிளம்பாமல், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.