காருக்குப் பின்னால் ஒரு வீடு

பட்டாபிராம்
21.4.1974

அன்பு மகள் கஸ்தூரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை தேவராஜும் பாப்பாவும் கனடாக் குளிரில் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற எண்ணத்தோடு எழுதுகிறேன்.

ஜூலையில் பாப்பாவோடு மலைப்பக்கம் போய்த் தங்க, காருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் வண்டி எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படமும் கிடைத்தன. ஆவடி ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாக லாரிக்கு டிரெய்லர் மாட்டுகிறவனிடம் மகள் இதைக் கேட்டது எனக்குப் பெருமைதான், ஆனால் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் இன்று காலை நம் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வேம்புலியைக் கூப்பிட்டு நீ எழுதியிருந்த அடிக்கணக்கை வைத்து மூன்று வண்டியையும் வாசலில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போட்டோம். அதில் தகர வீடு மாதிரி இருக்கும் பெரிய வண்டியின் கோட்டைப் பார்த்ததுமே வேம்புலி, "இத்த உங்க மாப்ள காரு இஸ்துகினு போவாதுண்ணே, மேட்டுல உக்காந்துக்கும்" என்றான். எனக்கும் அதேதான் தோன்றியது. மிச்சம் இரண்டு, துணியை மடித்து விரிக்கும் கூடார வண்டியும், இரண்டே சக்கரம் வைத்த சின்னத் தகர வீடும்.

அப்போது உன் அம்மா வெளியே வந்து, "இன்னாய்யா இது, வயசான காலத்துல நொண்டியடிச்சிப் பாண்டி ஆடப் போறியா" என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் உன் கல்யாணம் நடந்த இந்த மூன்று வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், உனக்குத் தெரியாததா. நான் தயங்கித்தான், கஸ்தூரி வாங்கப்போகிற வண்டி என்றேன். அவள் போகவில்லை. கோடுகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கொயந்த எங்க படுக்கும்" என்று கேட்டாள். வேம்புலிதான் காட்டினான். துணி வண்டி என்றதும், "அந்த ஊரு பனிக்குத் துணி தாங்குமா, கொயந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, சின்னத் தகர வீட்டின் கோட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கதவண்டை அடுப்பு வைத்தால் பிள்ளை தவழ்ந்து வந்து கையை விடும் என்று, நான் போட்ட கோட்டைக் காலால் அழித்து அடுப்பை மூலைக்குத் தள்ளினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே, "நாம போனா எங்க படுக்கறது" என்றாள். வெளியே பாய் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சிரித்துவிட்டாள்.

ஆகவே அந்தச் சின்னத் தகர வண்டியையே வாங்கு. ஈரத்துணியை மடித்துப் பூஞ்சை பிடிக்கிற தொல்லையும் அதில் இல்லை. கனமான சாமானைப் பின்பக்கம் ஏற்றாதே, முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வால் ஆடும். கிளம்புமுன் வண்டியைக் காரோடு மாட்டும் கொக்கியை மாப்பிள்ளை தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.

மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, அடுத்த கடிதத்தை அம்மா பெயருக்கே போடு. எழுத்துக்கூட்டித் தானே படித்துக்கொள்கிறாளாம், நான் பிரிக்கக் கூடாதாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
கன்னியப்பன்